மடிக்கிற லைட் பாக்ஸ்: ஜிமிக்கி, வளையல் போட்டோ எடுக்க வாங்கலாமா?

டெரகோட்டா கம்மல், சில்க் த்ரெட் வளையல்னு வீட்ல செஞ்சு இன்ஸ்டாலயும் வாட்ஸ்அப்லயும் விக்கிறவங்க நெறைய பேர் இதை கேக்குறீங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். நான் வாங்குனது ஆயிரம் ரூபாக்குள்ள வர்ற, பொருளை உள்ள வெச்சு போட்டோ எடுக்குற 30 சென்டிமீட்டர் பாக்ஸ். பிளாஸ்டிக் அட்டை, பிரஸ் பட்டன் போட்டு டக்குனு நிறுத்திடலாம், மேல ரெண்டு எல்ஈடி பட்டை, யூஎஸ்பி வயர், கூடவே கலர் கலரா பேக்டிராப். லேப்டாப்ல சொருகுனா மங்கலா எரியுது, போன் சார்ஜர்ல போடுங்க.

ராத்திரி சமையல்கட்டை ஒதுங்க வெச்சு புள்ளைங்க தூங்குனப்புறம் தான் போட்டோ எடுக்கவே நேரம் கிடைக்கும்ங்கிறவங்க கண்ணை மூடிட்டு வாங்கலாம். பகல்ல வெயில் நேரா அடிக்காத ஜன்னல் ஓரம் கொஞ்ச நேரம் உக்கார முடியும்னா காசு வேஸ்ட்டுங்க, ஒரு வெள்ளை சார்ட்டும் எதிர்ப்பக்கம் நிக்க வெக்க ஒரு தெர்மாகோல் துண்டும் போதும், கலரும் அதுல தான் கரெக்டா வரும்.

கலர் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா "அக்கா போட்டோல வேற கலரா இருந்துச்சே"ன்னு பார்சல் திரும்பி வர்றது இதனால தான். டப்பா மேல சிஆர்ஐ 95னு பெருசா போட்டிருக்கு, அதாவது இந்த வெளிச்சம் கலரை எவ்ளோ நெசமா காட்டும்னு நூத்துக்கு போடுற மார்க். அந்த நம்பர் எட்டு கலரோட சராசரி, எட்டுமே கொஞ்சம் வெளிறுன கலருங்க. நல்ல அடர் சிவப்பு அந்த கணக்குலயே வராது, அதுக்கு ஆர்9னு தனியா ஒரு நம்பர் இருக்கு, அதை இந்த விலைல எவனும் போடமாட்டான். நம்ம சரக்குல பாதி சிவப்பு தானே, முகூர்த்த புடவைக்கு மேட்ச்னு கேக்குறதே அரக்கும் மெரூனும் தான், டெரகோட்டாவே செம்மண் கலர். என் பாக்ஸ்ல அரக்கு நூல் ப்ரௌன் அடிக்குது. பச்சையும் மயில்கழுத்தும் பரவால்ல. சிவப்பு ஆர்டர்னா காலைல ஜன்னல்கிட்ட ஒரு போட்டோ எடுத்து அதையும் சேத்து அனுப்பிடுவேன்.

ப்ரைட்னஸ் பட்டனை தொடாதீங்க. குறைச்சா எல்ஈடி கண்ணுக்கு தெரியாத வேகத்துல அணைஞ்சு அணைஞ்சு எரியுது, போன்ல பாத்தா கருப்பு கோடு ஓடுது. ஃபுல்லா வெச்சுட்டு போன்ல எக்ஸ்போஷர் ஏத்தி இறக்கிக்கலாம். வெள்ளை பேக்டிராப்னா ஏத்த தான் வேண்டியிருக்கும், இல்லன்னா வெள்ளை சாம்பலா வந்து நிக்கும்.

ஜிமிக்கி தான் இதுல பெரிய தலைவலி. வெளிச்சம் மேல இருந்து மட்டும் வர்றதால குடை பளிச்சுனு தெரியும், கீழ தொங்குற முத்து எல்லாம் குடையோட நிழல்ல இருட்டா போயிடும். ஃப்ரேம்ல விழாம ஜிமிக்கிக்கு முன்னாடி ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டை சாய்ச்சு வெச்சா முத்து முத்தா தெரியுது, அவ்ளோதான் வித்தை. குந்தன் கல்லு, ஆன்டிக் கோல்டு பாலிஷ் இதுல எல்லாம் எல்ஈடி புள்ளி புள்ளியா அப்படியே கல்லுல தெரியும், பட்டைக்கு கீழ பட்டர் பேப்பர் ஒட்டிட்டா அது போயிடும். சில்வர் பாலிஷ்னா ரெண்டு பக்கமும் குட்டியா கருப்பு சார்ட் வெட்டி வைங்க, அப்பதான் ஓரம் எடுப்பா தெரியும், இல்லன்னா வெள்ளைல வெள்ளையா கரைஞ்சு போகும்.

கூட வர்ற பேக்டிராப் மடிச்சு மடிச்சு வர்றதால கோடு விழுந்திருக்கு, அயர்ன் பண்ணலாம்னு நெனைக்காதீங்க உருகிடும். வெள்ளையும் கருப்பும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை புள்ளைங்களுக்கு குடுத்துட்டேன்.

போனை ரொம்ப கிட்ட கொண்டு போகாதீங்க, கம்மல் உப்புன மாதிரி வரும், போன் நிழலும் விழும். தள்ளி நின்னு 2 எக்ஸ் ஜூம்ல எடுங்க. சில போன் கிட்ட போனாலே தானா மேக்ரோக்கு (ரொம்ப கிட்ட வெச்சு எடுக்குற மோடு) மாறும், அதை ஆஃப் பண்ணிடுங்க. வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா அனுப்புனா தான் நூலோட ஷைனிங் கஸ்டமருக்கு தெரியும், சும்மா போட்டோவா அனுப்புனா அமுக்கிடுது.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். வளையல் செட், கம்மல் வரைக்கும் 30 சென்டிமீட்டர் போதும், ஹாரம் செய்றவங்க 40க்கு போங்க, இதுல ஹாரத்தை விரிச்சு வெச்சா பட்டன் ஓட்டை வரைக்கும் ஃப்ரேம்ல வந்துடுது.