இன்ஸ்பெக்‌ஷன் பெட்டி: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் சேர்வதற்கு முன் என்னிடம் கேட்பதெல்லாம் ஓட்டம், தண்டால் பற்றித்தான். சேர்ந்து சில வாரம் ஆனதும் கேள்வி மாறிவிடும். எந்த பாலிஷ் நல்லது, பெல்ட் பக்கிளில் வெள்ளையாகப் படிவதை எப்படி எடுப்பது, காற்சட்டை மடிப்பு காலைக்குள் ஏன் கலைகிறது என்று ஆரம்பிப்பார்கள். சீருடையையும் சாமான்களையும் பயிற்றுநர்கள் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்காக, அதாவது இன்ஸ்பெக்‌ஷனுக்காக, பயிற்சிக் காலத்தில் நான் வாங்கிச் சேர்த்த பொருள்களில் பாதி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, மீதி போய்விட்டது. எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று எழுதுகிறேன்.

ஒரு பொருள் இரவில் எவ்வளவு மினுக்குகிறது என்று நான் பார்ப்பதில்லை. செய்த வேலை காலையில் வரிசையில் நிற்கும்வரை தாங்குகிறதா, மறுபடி கை வைக்க வேண்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஆய்வுக்கு முந்தின இரவில் எல்லோரிடமும் பாலிஷ் இருக்கும், நேரம்தான் இருக்காது. ஆகவே இரண்டு முறை செய்ய வைக்கிற எந்தப் பொருளும் என் கணக்கில் தேறாது.

முதலில் ஷூ. டப்பாவில் வரும் கெட்டி மெழுகு பாலிஷ்தான் வாங்க வேண்டும். நான் ஆரம்பத்திலிருந்து கிவி பரேட் கிளாஸ். 1906 இல் மெல்பர்னில் வில்லியம் ராம்சே என்பவர் தொடங்கிய பிராண்ட் இது. மனைவி நியூசிலாந்துக்காரர் என்பதால் அந்த நாட்டுப் பறவையின் பெயரை வைத்தார். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸ் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போனது. சாதாரண வகையைவிட பரேட் கிளாஸில் கடைசிப் பளபளப்பு சீக்கிரம் எழும்புகிறது. ஆனால் அடிப்பூச்சுக்கு அதையே போட வேண்டியதில்லை, சாதாரண கறுப்பே போதும்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், காரணம்தான் பலருக்குத் தெரியாது. தோலின் மேற்பரப்பில் பொடிப்பொடியாக மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் மெழுகு நிரம்பி மட்டமானால் ஒளி சிதறாமல் திரும்புகிறது, ஷூவின் முனையில் முகம் தெரிகிறது. அதற்கு முதலில் பிரஷ்ஷால் தாராளமாக ஒரு பூச்சு கொடுத்து ஊறவிட வேண்டும். பிறகு பருத்தித் துணியை இரண்டு விரலில் சுருக்கமே இல்லாமல் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, மெழுகைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் எதற்கு என்றால், புது மெழுகு துணியில் ஒட்டாமல் தோலில் தங்குவதற்கு. தண்ணீர் குறைந்தால் துணி பழைய பூச்சையும் சேர்த்து உரித்துவிடும். தேய்க்கும்போது முதலில் மங்கலாக ஒரு படலம் தெரியும், பொறுமையாகச் சுற்றச் சுற்ற அது தானே விலகும். விலகாவிட்டால் மெழுகு அதிகம் எடுத்திருக்கிறீர்கள். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், தண்ணீரைக் கூட்டுங்கள்.

இந்த வேலை முனைக்கும் குதிகாலுக்கும் மட்டும். நடக்கும்போது மடங்குகிற இடத்தில் மெழுகைக் கட்டினால் முதல் பத்து அடியிலேயே வெடித்துச் செதில் செதிலாக உதிரும். அந்த இடத்துக்குப் பிரஷ் பாலிஷ் போதும், ஆய்வு செய்கிறவர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். லைட்டரால் மெழுகை உருக்கிப் பூசுவது வேகமான வழி என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருத்தர் சொல்வார். வேகம் உண்மைதான். கூடவே தையல் நூலும் கருகும், தோலும் வறண்டுபோகும்.

துணியில் பல பரிசோதனை ஆயிற்று. பழைய பருத்திப் பனியன் முதலிடம். பஞ்சு உருண்டை இரண்டாவது. பளபளப்பு அருமை, ஆனால் இழை விட்டுப்போகும், மறுபடி துடைக்க வேண்டும். மைக்ரோஃபைபர் மெழுகைத் தானே குடித்துவிடுகிறது. கடைசி மெருகுக்கு மட்டும் நைலான் ஸ்டாக்கிங் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று பயிற்சிக் காலத்தில் நிறையக் கிண்டல்.

ஸ்பாஞ்ச் தலையோடு வரும் திரவ பாலிஷை வாங்காதீர்கள். அது மேலே ஒரு படலமாக உட்காரும், வியர்வையும் தூசியும் பட்டால் மங்கும், அதற்குப் பிறகு மெழுகு அதன்மேல் பிடிக்காது. சுரண்டி எடுத்து அடியிலிருந்து தொடங்க வேண்டும். செயற்கைத் தோலில் வரும் எப்போதும் மின்னுகிற ஷூ வேறு கதை. ட்யூபாண்ட் நிறுவனம் 1960களில் கார்ஃபாம் என்ற பெயரில் இப்படி ஒரு பொருளைக் கொண்டுவந்து, பொதுச் சந்தையில் தோற்று, 1971 இல் கைவிட்டது. ஆனால் சீருடை உலகில் அந்தப் பெயர் இன்னும் வாழ்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்பது பெரிய வசதி. ஒரு கீறல் விழுந்தால் சரிசெய்ய வழியில்லை, காலுக்குக் காற்றும் இல்லை. உங்கள் அகாடமி அனுமதித்தால் சடங்கு அணிவகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். தினசரிக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஷூவின் மேல்தோலும் அடிப்பகுதியும் சேரும் அந்தக் குறுகிய விளிம்பு. முனையில் முகம் தெரிகிற ஷூவைத் திருப்பிப் பார்த்தால், அந்த இடுக்கில் போன வாரத்து மண் உட்கார்ந்திருக்கும். அனுபவமுள்ள பயிற்றுநர் முனையை அரை விநாடி பார்ப்பார், விளிம்பை நாலு விநாடி பார்ப்பார். பழைய டூத்பிரஷ் ஒன்று இதற்கென்றே இருக்கட்டும். கயிற்றைக் கழற்றி, நாக்குப் பகுதிக்கு அடியிலும் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

அடுத்து இஸ்திரி. இங்கே பணம் செலவழிக்க வேண்டியது இஸ்திரிப் பெட்டியில் இல்லை, மேலே விரிக்கும் துணியில். கம்பளிக் கலப்புக் காற்சட்டையை நேரடியாகத் தேய்த்தால் இழை தட்டையாகி, முழங்காலிலும் பின்பக்கத்திலும் ஒரு வழவழ மினுக்கம் வந்துவிடும், அது போகவே போகாது. மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே விரித்துத் தேய்ப்பதுதான் ஒரே வழி. துணியின் உள்பட்டையில் இஸ்திரிப் படத்துக்குள் இருக்கும் புள்ளிகளைப் பாருங்கள்: ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் சுமார் 150, மூன்று என்றால் சுமார் 200 வரை. சீருடைத் துணி பெரும்பாலும் கலப்புதான், ஆகவே இரண்டுக்குமேல் போகாமல் இருப்பது நல்லது.

மடிப்பு காலைக்குள் கலைகிறது என்பவர்களில் பாதிப்பேர் செய்வது ஒன்றுதான்: சூடு ஆறுவதற்குள் எடுத்து மாட்டிவிடுகிறார்கள். சூடும் ஈரமும் இழையை இளக வைக்கின்றன, ஆறும்போதுதான் அது புது வடிவத்தில் இறுகுகிறது. தேய்த்த காற்சட்டைக் காலை அப்படியே பலகையில் ஒரு நிமிடம் விட்டு, பிறகு அடுத்த காலுக்குப் போங்கள். மடிப்பின் உட்புறத்தில் உலர்ந்த சோப்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, வெளிப்புறம் தேய்க்கும் பழைய உத்தியும் வேலை செய்கிறது. ஒரே நிபந்தனை, கோடு மெல்லியதாக இருக்க வேண்டும். தடியாக இழுத்தால் மழையிலோ வியர்வையிலோ நுரை கட்டும்.

பழைய மடிப்புக்குப் பக்கத்தில் புது மடிப்பு விழுந்து இரண்டு கோடாக ஓடுவதுதான் இஸ்திரியில் மாட்டிக்கொள்ளும் முதல் குறை. எங்கள் அறையில் அதற்குத் தண்டவாளம் என்று பெயர். அதை அழிக்க, வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து நனைத்த துணியைப் பழைய கோட்டின் மேல் வைத்துத் தேய்க்கலாம். பெரும்பாலும் போய்விடும், ஆனால் முதலில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பருத்திச் சட்டைக்கு லேசான ஸ்ப்ரே கஞ்சி சரி. முக்கி எடுத்து விறைக்க வைப்பது பார்க்கக் கம்பீரம், ஆனால் மடிப்பு விழும் இடத்தில் இழை சீக்கிரம் அறுந்துவிடும். களச் சீருடைக்குக் கஞ்சியே கூடாது. அமெரிக்க ராணுவம் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது.

பித்தளைக்கு பிராசோ என்ற உலோக பாலிஷ். நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிற சரக்கு, இதை மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. நுண்ணிய தேய்ப்புப் பொடியும் கரைப்பானும் கலந்தது, ஆகவே கொஞ்சம் போதும். காய்ந்த வெள்ளைப் படிவு எழுத்து இடுக்குகளில் தங்கும். பல்குத்தும் குச்சியின் முனையைப் பஞ்சில் சுற்றி எடுத்துவிட வேண்டும். கடைசியாகத் துடைத்தபின் வெறும் விரலால் தொடக் கூடாது. ரேகை அப்போதே தெரியாது, காலையில் வெயிலில் தெரியும். துணியில் தைத்த பொத்தான்களுக்கு, நடுவில் நீளப் பிளவுள்ள பித்தளைத் தகடு ஒன்று வருகிறது. பொத்தானுக்கு அடியில் செருகிவிட்டால் பாலிஷ் துணியில் படாது. பழைய சிப்பாய்களின் சாமான். கிடைக்காவிட்டால் கெட்டி அட்டையில் பிளவு வெட்டிக்கொள்ளலாம், அதே வேலைதான்.

ஆனால் தேய்ப்பதற்கு முன் அது பித்தளைதானா என்று பாருங்கள். இப்போது பல படைகளில் பொத்தானும் பேட்ஜும் சாயம் ஏற்றிய அனோடைஸ்டு அலுமினியம். எடை குறைவாக இருக்கும், பொன்னிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். அதில் பிராசோ பட்டால் மேல்படலம் தேய்ந்து, கீழே சாம்பல் நிற உலோகம் எட்டிப்பார்க்கும். அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் மட்டும்.

அளவு விஷயங்களுக்கு 15 செ.மீ. இரும்பு ஸ்கேல் ஒன்று வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், விளிம்பு தேய்ந்து பொய் சொல்லும். பெயர்ப்பட்டை, பதக்க ரிப்பன், ரேங்க் எல்லாவற்றுக்கும் விதிநூலில் இடைவெளி எழுதியிருக்கும். அமெரிக்க ராணுவத்தில் ரிப்பன் இடது பாக்கெட்டின் மேல் தையலிலிருந்து எட்டில் ஒரு அங்குலம் உயரத்தில். கண் மதிப்பில் குத்தினால் சட்டையைப் போட்டதும் சாயும். சட்டை விளிம்பு, பக்கிள் விளிம்பு, காற்சட்டையின் முன் தையல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்பதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் பார்க்க முடியும், அதையும் மூச்சை இயல்பாக விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

நூல் பிசிறுக்கு நகவெட்டிதான் சிறந்தது. நெருப்புக் காட்டுகிறார்கள், பாலியஸ்டர் நூல் உருகிக் கறுப்பு மணியாக நிற்கும், பிசிறைவிட அது பளிச்சென்று தெரியும். ஒட்டும் ரோலர் எதுவானாலும் பரவாயில்லை. கையில் டேப்பைத் திருப்பிச் சுற்றினாலும் போதும், ஆனால் கதவருகே வைத்து கடைசியாகப் பயன்படுத்துங்கள், போர்வையைத் தொட்ட பிறகு.

பெரட் தொப்பிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய ரேசரால் பஞ்சு ரோமத்தை மழித்து, நனைத்து, தலையில் வைத்தே உலரவிட வேண்டும். சலிப்பான வேலை, ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் பல மாதம் தாங்கும்.

கட்டில் மீது சாமான் பரப்பி வைக்கும் ஆய்வுக்கு நான் அதிகம் நம்புவது ஓர் ஏ4 அளவு அட்டையை. டி-ஷர்ட், துண்டு, உள்ளாடை எல்லாவற்றையும் அதன்மேல் வைத்து மடித்து அட்டையை உருவிவிட்டால் அத்தனையும் ஒரே அகலம். அடுக்கி வைத்ததும் முன் விளிம்பு சுவர் கட்டியது போல நேராக இருக்கும். பார்க்கிறவர் கண் முதலில் ஒழுங்கைத்தான் பிடிக்கும், தனித்தனிச் சாமான் பிறகுதான். இதற்கென்று தொடாத டூத்பிரஷ், தொடாத சோப்பு என்று ஒரு காட்சி செட் வைத்திருப்பது பல இடங்களில் வழக்கம். சின்னச் சாமானுக்குச் சரி, உங்கள் அகாடமியில் தடை இல்லாதவரை. பூட்ஸுக்கு மட்டும் வேண்டாம்: காலில் பழகாத பூட்ஸோடு திடீரென்று அணிவகுப்பு என்று சொன்னால் கொப்புளம் நிச்சயம். விரித்த படுக்கை கலையக் கூடாதென்று தரையில் படுப்பவர்களும் உண்டு. படுக்கை பிழைக்கும், மறுநாள் முதுகு பிழைக்காது. அதை எந்தப் பயிற்றுநரும் பார்த்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

துப்பாக்கியை ஆய்வுக்கு உலர்வாகவும், ஆய்வு முடிந்ததும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடும் வைக்க வேண்டும். எண்ணெய் மினுக்கம் அழகாகத் தெரிந்தாலும் தூசியை இழுக்கும், வெள்ளைக் கையுறை விரலில் அது கறுப்பாக வரும். காது பட்ஸும் பைப் கிளீனரும்தான் இடுக்குகளுக்கு. கரி போகவில்லை என்று உப்புத்தாளை எடுக்காதீர்கள். மேற்பூச்சு போனால் துரு வரும், அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வரிசைக்கு வருகிறேன். கலையாததை முதலில், சீக்கிரம் கலைவதைக் கடைசியில். தையல், துப்பாக்கி, மடித்த துணி எல்லாம் மாலையிலேயே முடியட்டும். பித்தளையை, சட்டை தேய்ப்பதற்கு முன். கறை பட்டால் துவைத்துத் தேய்க்க நேரம் இருக்கும். பிறகு இஸ்திரி. ஷூவை இரவில் முடித்து, குப்புறக் கவிழ்க்காமல், தூசி விழாமல் மூடி வையுங்கள். காலையில் ஈரத்துணியால் ஒரு சுற்று போதும். ரோலர், கயிற்று முனையை உள்ளே செருகுவது, காலரின் பின்பக்கம் இவையெல்லாம் வாசலில். காலரின் பின்பக்கத்தை உங்களால் பார்க்கவே முடியாது. "மச்சி, பின்னாடி பாரு" என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் பக்கத்து அறையில் இருப்பது இந்தப் பெட்டியில் உள்ள எதையும்விட உதவும். அவருக்கும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், பெல்ட் கொக்கி ஒன்றைத் தவறவிட்டிருப்பார்.

இத்தனைக்கும் பிறகு ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடிப்பார்கள், அது அவர்கள் வேலை. அப்போது ரோலர் தீர்ந்துபோன கதையைச் சொல்லாதீர்கள். அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயின்டில் முதலாண்டு கேடெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பதில்களில் ஒன்று 'சாக்கு எதுவும் இல்லை, சார்' என்பது. எந்த அகாடமியிலும் அது செல்லும். சொல்லிவிட்டு, துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கேட்டால் உடனே சொல்லத் தயாராக நில்லுங்கள். பலர் ஷூவை மனப்பாடமாகப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.