அட்டன் கடையில் மீன்தொட்டி மணல்: மூன்று பைகளைப் பற்றிய மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரிலுள்ள வளர்ப்புமீன் கடையொன்றில், தொட்டியின் அடியில் பரப்புவதற்கென மூன்று வகை மணல் விற்கப்படுகிறது: பழுப்பு நிற ஆற்று மணல், வெண்ணிறக் கல்மணல், சாயமேற்றிய நீல மணல். மூன்றையும் வாங்கிப் பரிசோதித்துப் பார்த்தபின், மலையகத்து வீடுகளில் மீன் வளர்ப்போருக்கு ஆற்று மணலையே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நீல மணலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஈரக்கையில் எடுத்துத் தேய்த்தபோதே விரல்களில் சாயம் ஒட்டியது. அதை உயிருள்ள தொட்டிக்குள் இட எனக்கு மனம் வரவில்லை.

வெண்ணிற மணலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பார்வைக்கு அதுவே மிக அழகானது, பலரும் அதையே விரும்பி வாங்குகிறார்கள். அது உண்மையில் ஆற்றிலோ கடலிலோ அள்ளிய மணல் அன்று. உடைத்துச் சலித்த பளிங்குக்கல். மாத்தளையிலும் கண்டிக்கு அருகே திகனவிலும் வெட்டியெடுக்கப்படும் டொலமைட் என்ற சுண்ணாம்புத்தன்மையுள்ள கல்லும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கவ்வாத்து வெட்டும் காலத்தில் தேயிலை மண்ணின் அமிலத்தன்மையைக் குறைப்பதற்காகத் தோட்டங்களில் இடப்படும் அதே டொலமைட், தொட்டிக்குள் கிடந்தால் தண்ணீருக்கும் அதையேதான் செய்யும். நமது பீலிகளிலும் ஊற்றுகளிலும் வரும் தண்ணீர் எளிதில் கரையாத பாறைகளின் மீது ஓடி வருவதால் பெரும்பாலும் மென்னீராகவே, அதாவது சுண்ணாம்பு போன்ற உப்புகள் குறைவாகக் கரைந்த நீராகவே இருக்கிறது. அத்தகைய தண்ணீரில் சுண்ணாம்புத்தன்மையுள்ள கல் சிறிதளவு கரைந்தாலும் கடினத்தன்மையும் (கரைந்த உப்புகளின் அளவு) பீ.எச். எனும் அமில-கார அளவும் உயர்ந்துவிடும். நமது நாட்டுக்கே உரிய செர்ரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் போன்ற மீன்கள் ஈரவலயத்து நிழலோடைகளின் மென்னீரில் வாழ்பவை என்பதால், அவற்றுக்கு இந்த மணல் ஏற்றதல்ல. கப்பி, மொல்லி வளர்ப்பவர்களுக்கு மட்டும் இது தீங்கில்லை. அவை வன்னீரை விரும்பும் மீன்கள்.

மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வினாகிரி போதும் என்பார்கள். அது பாதி உண்மைதான். சிப்பித் துண்டுகளின் மீதும் சாதாரணச் சுண்ணக்கல்லின் மீதும் வினாகிரி பட்டவுடன் நுரை எழும். டொலமைட்டோ குளிர்ந்த, வலுக்குறைந்த அமிலத்தில் மிக மெதுவாகவே வினைபுரியும். இந்த வெண்மணலைத் தட்டில் வைத்து வினாகிரி ஊற்றியபோது முதலில் எதுவும் தெரியவில்லை. அம்மியில் வைத்து நுணுக்கித் தூளாக்கிய பின்னரே, தூளின் ஓரமெங்கும் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. ஆகவே, நுரை வராததை மட்டும் நம்பி எந்த மணலையும் தொட்டியில் இட்டுவிடாதீர்கள். ஒரு வாளியில் மணலையும் வீட்டுத் தண்ணீரையும், இன்னொன்றில் வெறும் தண்ணீரையும் வைத்து, ஒரு வாரம் கழித்து இரண்டின் கடினத்தன்மையையும் சோதனைத் தாளால் ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

ஆற்று மணல் இந்தச் சோதனையில் தேறியது. கைப்பிடி மணலை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தால், பெரும்பகுதி கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணிகள். இடையிடையே செந்நிறக் கார்னட் துணுக்குகள், மினுங்கும் மைக்காத் தகடுகள், காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் தாவி ஒட்டிக்கொள்ளும் சில கருமணிகள். இவை எவையும் தண்ணீரில் கரைந்து கேடு விளைவிப்பவை அல்ல. ஆனால் தொட்டியின் கண்ணாடியைக் காந்தத் துடைப்பானால் சுத்தம் செய்பவர்கள் அந்தக் கருமணிகளைக் கவனிக்க வேண்டும். துடைப்பானில் ஒன்று ஒட்டினாலும் கண்ணாடி முழுவதும் கீறல் விழும்.

மணிகள் பெரும்பாலும் அரை முதல் ஒரு மில்லிமீற்றர் பருமனும் மழுங்கிய விளிம்புகளும் கொண்டவை. எங்கள் தொட்டியிலுள்ள கொரிடோரஸ் எனும் சிறு கெளுத்தி மீன்கள் மூக்குவரை மணலுக்குள் புதைத்து, வாயில் அள்ளி, செவுள் வழியாகச் சொரிந்துவிட்டு நகர்வதைப் பார்க்கும்போது இந்த மணல் அவற்றுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பது புரியும். உடைத்த கல்லின் கூரிய விளிம்புகள் அவற்றின் மென்மையான மீசைகளைப் புண்ணாக்கக்கூடும். அழுக்குத் தேங்கிய அடித்தளமும் அதே கேட்டைச் செய்யும் என்பதால், நல்ல மணல் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது.

பையில் ‘கழுவியது’ என்று எழுதியிருந்தாலும் இந்த மணலை நன்றாகக் கழுவியே ஆக வேண்டும். வாளியில் கால்பங்கு மட்டும் இட்டு, ஓடும் தண்ணீரில் கையால் கிளறிக் கலங்கலை வழியவிட்டால், சேறும் மைக்காவும் சேர்ந்து வெளியேறும். சவர்க்காரம் எந்த நிலையிலும் கூடாது. 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டிக்கு 3 சென்ரிமீற்றர் உயரத்தில் பரப்ப 8 முதல் 9 கிலோ தேவைப்படும். அதைவிட மிக ஆழமாக நிரப்பிக் கிளறாமல் விட்டால், அடியில் ஒட்சிசன் அற்று, அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட் உருவாகலாம். மணலைக் கிளறும்போது பில்டரை நிறுத்திவிடுங்கள். உள்ளே புகும் மணி மோட்டாரின் சுழலியைத் தேய்த்துவிடும்.

காசு கொடுத்து வாங்காமல் பக்கத்து ஓடையிலேயே அள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: அனுமதிப்பத்திரமின்றி ஆற்று மணல் அகழ்வது சட்டப்படி குற்றம். அத்துடன், தேயிலையின் கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகள் தெளிக்கப்படுகின்றன; மலைச்சரிவில் வடியும் நீர் அந்த ஓடைகளில்தான் சேர்கிறது. இறாலுக்கும் நத்தைக்கும் செப்பு சிறிதளவே போதும் நஞ்சாக. ஹாட்வெயார் கடைகளின் கட்டட மணலும் வேண்டாம். அதில் கடல் மணல் கலந்திருந்தால் சிப்பித் துண்டுகளும் கூடவே வரும்.

இந்தக் கடையின் மீது எனக்குள்ள ஒரே குறை, பையில் மணல் எங்கிருந்து வந்தது என்றோ, மணியின் பருமன் என்னவென்றோ அச்சிடப்படாததுதான். கேட்டபோது ‘மகாவலிப் பக்கத்து மணல்’ என்றார் கடைக்காரர். அதற்கு மேல் விவரம் கிடைக்கவில்லை. ஆகவே அடுத்த பை இதே போல இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் பையைப் பிரித்து ஒரு கைப்பிடி தரச் சொன்னால் அவர் மறுப்பதில்லை. முதலில் அந்தக் கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டுசென்று சோதித்து, பிறகு தேவையான அளவு முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளுங்கள்.