தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கல்வி: பெற்றோரும் படிக்க இலவச இணையப் பாடங்கள், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் நடத்தும் அம்மாவும் அப்பாவும், பிள்ளை கிரேட் 10-ஐத் தொட்டதும் தாங்களும் புத்தகத்தோடு உட்கார வேண்டியிருக்கிறது. டர்பனில் இருந்தாலும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருந்தாலும் நிலைமை ஒன்றுதான்: வேலை, சமையல், பிள்ளையின் பாடவேளை எல்லாம் முடிந்து இரவில் மிஞ்சும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தை எந்தத் தளத்தில் செலவிடலாம் என்பதற்காகவே இந்தப் பகிர்வு.

பல ஆண்டுகள் இந்தத் தளங்களைப் புழங்கியதில் ஒரு முடிவு உறுதிப்பட்டிருக்கிறது. இலவசப் பாடத்தைக் காணொளியை வைத்து எடை போடக் கூடாது. பயிற்சிக் கணக்குகளும் அவற்றின் விடைகளும் காசில்லாமல் திறக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நல்ல விரிவுரை எங்கும் கிடைக்கிறது. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். மறுநாள் காலையில் பிள்ளை ஒரு கணக்கை நீட்டி, "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்கும்போது, முந்தின இரவு தானே பேனா பிடித்துப் போட்டுப் பார்த்தவரால் மட்டுமே பதில் சொல்ல முடிகிறது.

இந்த அளவுகோலில் முதலிடம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களைத் திறந்து வைத்திருக்கும் ஓபன்கோர்ஸ்வேர் தளத்துக்கு. 2001-இல் அறிவித்த இந்தத் திட்டத்தில் இன்று 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. கணக்குத் தொடங்க வேண்டாம், கடைசித் தேதி கிடையாது, எதுவும் பூட்டப்படவில்லை. ஆனால் எல்லாப் பாடமும் ஒரே நிறைவோடு இல்லை. சிலவற்றில் பாடத்திட்டமும் வாசிப்புப் பட்டியலும் மட்டும்தான். தேடும்போது பாட எண்ணுக்குப் பின்னால் 'எஸ்.சி.' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனியாகப் படிப்பவர்களுக்கென்றே 2011 முதல் தொகுக்கப்பட்டவை அவை. ஒவ்வொரு பாடவேளைக்கும் காணொளி, கணக்குகள், முழு விடைகள், தேர்வுத்தாள்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்தும் நேரியல் இயற்கணிதம் 18.06-உம், நுண்கணிதம் 18.01-உம் இந்த வடிவில் கிடைக்கின்றன.

மெட்ரிக் (கிரேட் 12 இறுதித் தேர்வு) கணக்குச் சொல்லிக்கொடுக்க 18.01 முழுவதும் தேவையில்லை. நம் தேசியப் பாடத்திட்டமான கேப்ஸில் கிரேட் 12 நுண்கணிதம் சிறியது: முதல் கொள்கையிலிருந்து வகைக்கெழு, பல்லுறுப்புக் கோவைகளின் வகைக்கெழு, முப்படி வரைபடம், பெருமம் சிறுமம் காண்பது. சங்கிலி விதிகூட அதில் வராது. எனவே 18.01-இன் முதல் இரண்டு அலகுகளை மட்டும், வகையிடலும் அதன் பயன்பாடுகளும், ஆழமாகச் செய்தால் போதும். தொகையிடலுக்குள் ஆர்வத்தில் நுழைந்துவிட்டால் இரண்டு மாதம் போய்விடும். அது உங்கள் சொந்த ருசிக்கு நல்லதுதான், பிள்ளையின் தேர்வுக்கு அல்ல. இரண்டையும் ஒரே நோட்டில் கலக்காமல் இருப்பது நல்லது.

பல பல்கலைக்கழகங்களின் பாடங்களைத் தரும் கோர்செராவும் எட்எக்ஸும் 2012-இல் தொடங்கியபோது இருந்த தாராளம் இப்போது இல்லை. எட்எக்ஸில் இலவசமாகச் சேர்ந்தால் மதிப்பெண் உள்ள பயிற்சிகள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். பாடத்தைப் பார்க்கும் அனுமதியும் சில வாரங்களில் முடிந்துவிடும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து மூன்று வாரம் விட்டுப்போனால், திரும்பி வரும்போது கதவு சாத்தியிருக்கும். கோர்செராவில் பல பாடங்களில் முதல் பகுதி மட்டுமே இலவசமாகத் திறக்கிறது. அங்கே உருப்படியான வழி நிதியுதவி விண்ணப்பம்தான். பாடத்தின் பக்கத்தில் கட்டண விவரத்துக்கு அருகிலேயே அதற்கான இணைப்பு இருக்கும். வருமானம், இந்தப் பாடம் ஏன் வேண்டும், படித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் இன்று படிக்க நினைக்கும் பாடத்துக்கு இன்றே விண்ணப்பிப்பது பயன் தராது. இப்போதைய பாடம் பாதி நடக்கும்போதே அடுத்ததற்கு எழுதிப் போடுங்கள். ஒரே நேரத்தில் நான்கைந்துக்கு விண்ணப்பிப்பதும் கூடாது. அனுமதி கிடைத்த நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கிவிடும்.

நேரக் கணக்கும் காலை வாரிவிடும். இத்தளங்களின் கடைசி நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்பட்டிருந்தால் நமக்கு இரண்டு மணி நேரம் கூடுதல்: அங்கே 23:59 என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 1:59. இந்தியாவில் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்களில் இது தலைகீழ். இந்திய நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னே இருப்பதால், இரவு 23:59 என்ற கெடு நமக்கு 20:29-க்கே முடிந்துவிடும், சாப்பாட்டு நேரத்தில். என்.பி.டெல். விரிவுரைகளும் வாராந்திரப் பயிற்சிகளும் இலவசம். பல பாடங்களுக்குத் தமிழாக்கமும் உண்டு. சான்றிதழுக்கான தேர்வு மட்டும் இந்திய மையங்களில் நேரில் எழுத வேண்டியது. அதை மறந்துவிட்டுப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கான் அகாடமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். அடித்தளம் ஆட்டம் காணும் பெற்றோருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பின்னம், விகிதம், குறியெண்கள் எனப் பள்ளியில் விட்டுப்போனதை யாரும் பார்க்காமல் சரிசெய்துகொள்ளலாம். காணொளியிலிருந்து தொடங்காதீர்கள். பாடத்தின் பக்கத்தில் இருக்கும் முழுப்பாடச் சவாலை, ஏறத்தாழ 30 கேள்விகள், முதலில் எழுதுங்கள். எங்கே ஓட்டை என்று அது காட்டிவிடும். அந்த அலகுகளை மட்டும் படித்தால் பாதி நேரம் மிச்சம்.

ஆனால் அது அமெரிக்கப் பாடத்திட்டம். நம் பிள்ளைகள் தசமத்துக்குக் காற்புள்ளி போடுகிறார்கள், அங்கே புள்ளி. அதையாவது இரண்டு நாளில் பழகிவிடலாம். யூக்ளிட் வடிவியல்தான் பெரிய பள்ளம். கேப்ஸ் தேர்வின் இரண்டாம் தாளில் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே காரணத்தை எழுத வேண்டும், அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட சுருக்க வடிவில். விடை சரியாக இருந்தும் காரணம் எழுதாவிட்டால் மதிப்பெண் போகும். கான் அகாடமியில் சரியான விடையைத் தட்டினால் பச்சை விழுந்துவிடும். அதில் மட்டுமே பழகிய பெற்றோர் பிள்ளைக்கும் அதே பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நிதிக் கணிதத்திலும் இதே கதை: பெயரளவு வட்டி, பயனுறு வட்டி, தவணைக் கடன் எல்லாம் நம் தாளில் கேட்கும் அமைப்பில் அங்கே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது தென்னாப்பிரிக்க நிறுவனமான சியாவுலாவின் கிரேட் 10 முதல் 12 வரையிலான கணிதம், இயற்பியல் அறிவியல் பாடநூல்கள். திறந்த உரிமத்தில் வந்தவை, கேப்ஸ் வரிசைப்படி எழுதப்பட்டவை. இறக்கி வைத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம். அவற்றோடு அடிப்படைக் கல்வித் துறையின் தளத்தில் உள்ள பழைய மெட்ரிக் தாள்களையும் அவற்றின் மெமோக்களையும் (மதிப்பெண் விவரத்தோடு கூடிய விடைகள்) இறக்குங்கள். மெமோவை விடைத்தாளாக மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் எதற்கு மதிப்பெண் என்று அதில் குறித்திருக்கும். மாலையில் ஒரு தாளை மூன்று மணி நேரம் வைத்து நீங்களே எழுதி, மெமோ கொண்டு நீங்களே திருத்திப் பாருங்கள். பத்து விரிவுரைகள் சொல்லித்தராததை அது சொல்லித்தரும். என்னைக் கேட்டால், பெற்றோரின் படிப்பில் விட்டுவிடக் கூடாத ஒன்று இதுதான்.

கணினி நிரலாக்கத்துக்கு ஹார்வர்டின் அறிமுகப் பாடமான சி.எஸ்.50. எட்எக்ஸ் வழியாகப் போனால் சான்றிதழுக்குப் பணம்; ஹார்வர்டின் சொந்தத் திறந்த பாடத் தளம் வழியாகப் போனால் ஒவ்வொரு பயிற்சியிலும் 70 விழுக்காடு எடுத்து, இறுதிச் செயல்திட்டத்தையும் முடித்தவருக்கு இலவசச் சான்றிதழ் உண்டு. ஆண்டு முடிவில் பாதியில் நின்றாலும் செய்த பயிற்சிகள் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படும். குடும்பத்தோடு படிப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஒரே இடைஞ்சல், அதன் நிரல் எழுதும் இடம் உலாவிக்குள், எப்போதும் இணையத்தோடு இருக்க வேண்டியது. மின்சாரம் அடிக்கடி போகும் வீட்டில் பைத்தானையும் சி மொழிக்கான தொகுப்பியையும் மடிக்கணினியிலேயே நிறுவி, அங்கே எழுதிச் சோதித்துவிட்டு, இணையம் வந்ததும் சமர்ப்பியுங்கள்.

அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) உருவகங்கள். மின்சுற்று, அலை, வேதிச் சமன்பாடு எல்லாம் இழுத்துப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பல உருவகங்கள் தமிழிலும் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கி, இணையம் இல்லாமல் உலாவியில் ஓடும்.

இனி மின்சாரமும் டேட்டாவும். 2024-க்குப் பிறகு லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வெகுவாகக் குறைந்திருந்தாலும் உள்ளூர்க் கோளாறில் மின்சாரம் போவது நிற்கவில்லை. ஃபைபர் வைத்திருப்பவர்கள் வைஃபை ரவுட்டருக்கு மட்டும் மினி யு.பி.எஸ். வாங்கிவிட்டு இணையம் வரவில்லை என்று திகைப்பதுண்டு. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 12 வாட் இழுத்தால், 8,800 மில்லியாம்பியர்-மணி என்று அட்டையில் போட்டிருக்கும் மினி யு.பி.எஸ். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். அந்த எண் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது, அதாவது 32 வாட்மணிதான். மாற்றத்தில் கொஞ்சம் வீணாகும். நான்கு மணி நேர வெட்டுக்கு இரட்டிப்புக் கொள்ளளவு வேண்டும். வாங்குமுன் இரண்டு பெட்டிகளின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 9 வோல்ட் பெட்டியை 12 வோல்ட் முனையில் செருகினால் பெட்டி கருகிவிடலாம். செருகியின் உள்துளை 2.1 மில்லிமீட்டரா 2.5 மில்லிமீட்டரா என்பதும் முக்கியம். தவறானது நுழையாது, அல்லது தளர்வாக உட்கார்ந்து, மேசை அசைந்தாலே இணைப்பு விட்டுவிடும்.

டேட்டாவில் படிப்பவர்கள் விரிவுரையை 360 தரத்தில் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 300 எம்.பி., 720-இல் ஒரு ஜி.பி.யைத் தாண்டும். கரும்பலகை எழுத்து 360-இல் தெளிவில்லாமல் போனால் தரத்தை உயர்த்த வேண்டாம். விரிவுரைக் குறிப்புகளை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஐ.டி. தளத்திலேயே காணொளியை இறக்கும் இணைப்பு இருக்கிறது. 18.06-இன் எல்லா விரிவுரைகளும் இந்தத் தரத்தில் 8 ஜி.பி. அளவுதான். மலிவான இரவு டேட்டாவில் ஒரே வாரத்தில் இறக்கிவிடலாம்.

வீட்டுக்குள் நிலையான ஏற்பாடு வேண்டுமென்றால், இணையம் இல்லாமலே பாடங்களைத் தரும் இலவச மென்பொருளான கொலிப்ரி. கான் அகாடமியின் பாடங்களைப் பயிற்சிகளோடு சேர்த்து ஒரு பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ வைத்து, வீட்டு வைஃபை வழியாகப் பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனிப் பெயரில் படிக்கலாம். முழுத் தொகுப்பும் பல பத்து ஜி.பி. வரும், வேண்டிய அலகுகளை மட்டும் தேர்ந்து இறக்குங்கள். ராஸ்பெரி பையில் ஒரு பலவீனம்: திடீரென மின்சாரம் போனால் நினைவட்டை கெட்டுப்போகும். பவர் பேங்கில் ஓட்டுங்கள், அல்லது அட்டையின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். இணையம் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாக விக்கிப்பீடியாவை வைக்க நினைப்பவர்கள் வட்டை எக்ஸ்ஃபேட் வடிவில் அமைக்க வேண்டும். பழைய ஃபேட்32 வடிவம் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஆங்கில விக்கிப்பீடியா ஒரே கோப்பாக அதைப் பல மடங்கு தாண்டும்.

சான்றிதழ்களைப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். இந்தத் தளங்களின் சான்றிதழ் தென்னாப்பிரிக்காவின் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் தானாகப் புள்ளி பெறாது. தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவில் பட்டம் படிக்க எண்ணும் பெற்றோர் அதன் சேர்க்கைத் தகுதியைத் தனியாக நிறைவு செய்ய வேண்டும். வீட்டில் கற்பிக்கப் பெற்றோருக்குச் சான்றிதழும் தேவையில்லை. 1996 பள்ளிகள் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி பிள்ளையை மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்ய வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தகுதியான மதிப்பீட்டாளர் பிள்ளையை மதிப்பிட வேண்டும். பதிவுக்கு உதவுவது உங்கள் பாடத்திட்டமும் பிள்ளையின் வேலைகளும்தான்.

எவ்வளவு நன்றாகப் படித்தாலும் பெற்றோரால் தாங்களே செய்துகொள்ள முடியாதது ஒன்று உண்டு. மெட்ரிக் கணிதத்தில் 25 விழுக்காடு, ஆண்டு முழுதும் நடக்கும் பள்ளி மதிப்பீட்டிலிருந்து வருகிறது. அந்த மதிப்பெண்ணை, பள்ளித் தேர்வுகளின் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பான உமலூசியின் அங்கீகாரம் பெற்ற தேர்வு அமைப்பின் கீழ் இயங்கும் கல்வி வழங்குநர் மூலமே பதிய முடியும். சகாயி, ஐ.இ.பி. இரண்டும் அத்தகைய தேர்வு அமைப்புகள். கிரேட் 9 நடக்கும்போதே வழங்குநர்களின் கட்டணத்தையும் கேட்டு, எந்தப் பாடங்களை அவர்களிடம் விடுவது, எவற்றை நீங்களே நடத்துவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிரேட் 10-இன் முதல் பருவம் தொடங்கிவிட்டால் அந்தப் பருவத்துக்கான மதிப்பீடுகளும் தொடங்கிவிடும்.