கடப்பிதழைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்: பினாங்கில் சிம் வாங்கிய கதை

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது பினாங்குக்கு வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு சிம் வாங்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏமாந்தது என் அத்தை. கடைக்குக் கூட்டிப் போனவன் நான். அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

அத்தைக்குக் காரைக்குடி. 1894இல் காரைக்குடியில் செய்து இங்கே வந்த வெள்ளி ரதத்தைத் தைப்பூசத்தில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். விமான நிலையத்திலேயே சிம் வாங்கியிருக்கலாம். கவுன்டரில் வரிசை நீளமாக இருந்தது. "டவுன்ல நம்ம ஆள் கடை இருக்கு அத்தை, அங்க வாங்கிக்கலாம்" என்று லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போனேன்.

கடைக்காரர் வாய் நிறைய வரவேற்றார். "காரைக்குடியாம்மா? எங்க பாட்டி தேவகோட்டைதான்" என்றதும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. 50 வெள்ளி (ரிங்கிட்), 30 நாள், டேட்டாவுக்கு அளவே இல்லை என்றார். கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) வாங்கித் தன் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்தார். "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று கடப்பிதழோடு திரைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது கையில் இருந்தது உறை பிரித்த சிம். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. தமிழில் பேசியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதோடு நிற்கவில்லை. இரண்டு சிம் போடும் வசதியுள்ள போன்தான், ஆனாலும் இந்திய சிம்மைக் கழற்றி அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். வாட்ஸ்அப்பையும் புது எண்ணுக்கு மாற்றிவிட்டார். இது தேவையே இல்லாத வேலை. இந்திய சிம் போனிலேயே இருந்தால் பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப் ஓடும். மாற்றிவிட்டால், அந்த எண் நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகும்போது கணக்குக்கும் ஆபத்து.

மூன்றாம் நாள், தைப்பூசத்துக்கு முந்தின நாள். ரதம் கிளம்பிவிட்டது. டத்தோ கெராமாட் சாலையில் தேங்காய் உடைக்கிற இடத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அத்தையை விட்டுவிட்டேன். போன் போட்டால், அந்த எண் சேவையில் இல்லை என்று மலாயில் பதிவுக் குரல். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். ஈரச் சாலை முழுக்கத் தேங்காய் ஓடு. அதில் அத்தை வெறுங்காலோடு எங்கே நிற்கிறாரோ என்ற நினைப்பு வயிற்றைக் கலக்கியது. ஒன்றே முக்கால் மணி நேரம் தேடினேன்.

கடைசியில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் பிள்ளை பேசினாள். என் அம்மா என் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அத்தையின் சுருக்குப் பையில் போட்டு வைத்திருந்தார். அந்தச் சீட்டுதான் காப்பாற்றியது. ஓடிப் போய்ப் பார்த்தால் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "நான் எதையும் அமுக்கலப்பா, அதுவா நின்னு போச்சு" என்றார். தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விடுமுறை முடிந்து தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனோம். அந்த சிம் அத்தை பெயரிலேயே இல்லை. வேறு யாரோ ஒருவர் பெயரில் பதிந்தது, அதனால் துண்டித்திருக்கிறார்கள். அதைவிட மோசம், அத்தையின் கடப்பிதழ் எண்ணில் நாங்கள் வாங்காத மூன்று எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இங்கே ப்ரீபெய்ட் சிம்மை அடையாள ஆவணத்தோடு பதிய வேண்டும் என்பது சட்டம். ஆவணம் காட்ட முடியாதவர்களும் மோசடிக்காரர்களும் தேடுவது இப்படி அடுத்தவர் பெயரில் இருக்கிற எண்ணைத்தான். அதில் ஏதாவது குற்றம் நடந்தால் போலீஸ் முதலில் தேடுவது பதிவில் உள்ள பெயரை.

கடைக்குத் திரும்பப் போனேன். "நான் வித்தது சிம்முதாண்ணே, லைன் கம்பெனி பாடு" என்றார். ரசீது எங்கே என்று கேட்டால் என்னிடம் இல்லை. பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம். ஆனால் எதைக் காட்டுவது?

எனவே சொல்கிறேன். நிறுவனத்தின் சொந்தக் கவுன்டரில் வாங்குங்கள், வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள். உறை உங்கள் கண்முன் பிரிய வேண்டும், பதிவு உங்கள் கண்முன் நடக்க வேண்டும். கடப்பிதழ் உள்ளே போகிறது என்றால் கூடவே நீங்களும் போங்கள், இல்லையென்றால் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். உங்கள் பெயரில்தான் எண் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டு, ரசீதும் வாங்குங்கள். வங்கியின் ஓடிபி வர வேண்டுமென்றால் ஊரில் கிளம்பும் முன்பே ரோமிங்கைத் திறந்து, இந்திய சிம்மைப் போனிலேயே விட்டு, அதன் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். வயசானவர்கள் பையில் ஒரு சீட்டும் இருக்கட்டும்.

போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலை சேவை மையத்தில் காட்டியதும் இரண்டு எண்களை ரத்து செய்தார்கள். அத்தை ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாவது எண் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.