பிஎல்சிக்குப் பூட்டுப் போட வந்தவர்கள்: அம்பத்தூரிலிருந்து ஒரு சேவை மதிப்பீடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங்கும் கொஞ்சம் சிஎன்சி வேலையும் செய்துவரும் எங்கள் பட்டறைக்கு, நாங்கள் உதிரிபாகம் கொடுக்கும் பெரிய வாடிக்கையாளரிடமிருந்து சென்ற ஆண்டு ஒரு கேள்விப்பட்டியல் வந்தது. வழக்கமான தரக்கட்டுப்பாட்டுக் கேள்விகளுக்கு நடுவே, இயந்திரங்களின் நெட்வொர்க் அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளதா என்றும் ஒரு கேள்வி இருந்தது. பிரிக்கப்படவில்லை என்பதோடு, இரண்டும் எந்த இடத்தில் சேர்கின்றன என்பதே எனக்குத் தெரியாது என்பதுதான் நேர்மையான பதிலாக இருந்திருக்கும். அப்படி எழுத மனம் வராததால், தொழிற்சாலைக் கருவிகளின் இணையப் பாதுகாப்பை மட்டும் செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தின் சேவையை வாங்கினேன். குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். தணிக்கைக்கும் வேலைக்கும் 2,10,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நெட்வொர்க்குகளுக்கு நடுவே நின்று வேண்டாத தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வால், கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் முதலிய பொருள்களுக்குத் தனியாக 1,64,000 ரூபாய் ஆயிற்று.

இவர்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனம் வந்து பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொன்னது. மென்பொருள் அலுவலகங்களுக்குப் பாதுகாப்புச் செய்து பழகியவர்கள் அவர்கள். ஒரு இரவில் நெட்வொர்க் முழுவதையும் ஸ்கேன் செய்து, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் கேள்விகள் அனுப்பிச் சோதித்து, காலையில் அறிக்கை தந்துவிடுவோம் என்றார்கள். அலுவலகக் கணினியை அப்படி ஸ்கேன் செய்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் மெஷினை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி பழையதாக இருந்தால், எதிர்பாராத கேள்விகள் சரமாரியாக வந்தால் திணறி நின்றுபோகக்கூடும். 220 டிகிரியில் பிளாஸ்டிக் உருகிக்கொண்டிருக்கும் பேரலோடு மெஷின் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று நான் கேட்டபோது, அந்த நிறுவனத்தின் இளைஞரிடம் பதில் இல்லை. நான் தேர்ந்தெடுத்தவர்களோ முதல் சந்திப்பிலேயே, ஓடும் லைனில் எதையும் ஸ்கேன் செய்ய மாட்டோம், ஸ்விட்சின் ஒரு போர்ட்டில் மடிக்கணினியை மாட்டி, கருவிகளுக்கிடையே கடந்துபோகும் பேச்சைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்போம் என்றார்கள். விலை வேறுபாட்டை அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பொறுத்துக்கொண்டேன்.

முதல் நாள் வந்த இரு பொறியாளர்களும் கணினியைத் திறக்கவே இல்லை. கையில் நோட்டுப் புத்தகத்துடன் ஒவ்வொரு பேனலையும் திறந்து, ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று எங்கள் எலெக்ட்ரீஷியனோடு நடந்து பார்த்தார்கள். நெட்வொர்க்கில் 14 கருவிகள் இருப்பதாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன். மாலையில் அவர்கள் கணக்கில் 31 இருந்தன. வருகைப் பதிவு இயந்திரமும் சிசிடிவி டிவிஆரும் மோல்டிங் மெஷின்களோடு ஒரே ஸ்விட்சில் உட்கார்ந்திருந்ததைக்கூட மன்னிக்கலாம். கம்ப்ரசர் பேனலுக்குள், சிம் கார்டோடு ஒரு 4ஜி ரூட்டர் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வாரண்டி காலத்தில் தொலைவிலிருந்தே கோளாறு பார்ப்பதற்காக, மெஷினை விற்றவர்கள் மாட்டிவிட்டுப் போனது அது. வாரண்டி முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் உயிரோடு இருந்தது. அதன் கடவுச்சொல், பெட்டியின் அடியில் ஒட்டிய காகிதத்தில் அச்சிட்டபடியே இருந்தது.

இப்படி வெளியிலிருந்து எவரோ கருவிக்குள் புகுவது பெரிய நாடுகளின் மின்நிலையங்களுக்கு மட்டும் வரும் தலைவலி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகுவிப்பா என்ற சிற்றூரின் குடிநீர் வாரியத்தில், நீரழுத்தத்தைச் சீராக வைக்கும் ஒரு நிலையத்தின், யூனிட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த பிஎல்சி கைப்பற்றப்பட்டது; ஊழியர்கள் கையால் இயக்கும் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. அந்தத் தாக்குதல் தொடரில் சிக்கிய கருவிகள் இணையத்தில் நேரடியாகத் தெரிந்தபடியும், தயாரிப்பாளர் வைத்தனுப்பிய 1111 என்ற கடவுச்சொல்லோடும் இருந்தவை. அலிகுவிப்பாவை எவரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. திறந்து கிடந்த கருவியைத்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் கம்ப்ரசரின் ரூட்டரும் அதே வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது. அதை அவர்கள் பிடுங்கி எறியாமல், சாவி போட்டுத் திருப்பினால் மட்டும் அதற்கு மின்சாரம் கிடைக்கும்படி பேனலில் ஒரு சுவிட்சை வைத்து, அதன் வழியே விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு மூலமாக மட்டும் உள்ளே வர முடியும்படி செய்தார்கள். சர்வீஸ் பொறியாளர் இப்போது முதலில் எங்களுக்குத் தொலைபேச வேண்டும். நாங்கள் சாவியைத் திருப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

இந்தச் சேவையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு ஒரு பைசாகூடச் செலவாகவில்லை. எங்களிடமுள்ள ஆறு பிஎல்சிகளில் நான்கின் முகப்பில் சிறு சாவித் துளை உண்டு. சாவியை 'ரன்' நிலையில் வைத்தால், நெட்வொர்க் வழியாக எவரும் உள்ளிருக்கும் நிரலை மாற்ற முடியாது. 'புரோக்ராம்' நிலையிலோ 'ரிமோட்' நிலையிலோ விட்டால் மாற்றலாம். எங்கள் நான்கு சாவிகளும், பேனல் கட்டிய நாளிலிருந்து, மாற்றக்கூடிய நிலையிலேயே துளையில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆயுத பூஜைக்கு ஆண்டுதோறும் அந்தப் பேனல்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறோம். சாவியை ஒரு முறை திருப்பி எடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 2017இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில், விபத்து நேராமல் காக்கும் டிரைகானெக்ஸ் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளேயே டிரைட்டன் என்ற தீநிரல் புகுந்தபோது, அங்கும் சாவி 'புரோக்ராம்' நிலையில் விடப்பட்டிருந்தது என்ற செய்தியைப் பொறியாளர் சொல்லிவிட்டு, நான்கு சாவிகளையும் திருப்பி எடுத்து என் கையில் கொடுத்தார். இரவு ஷிப்டில் லைன் நின்றால் சாவிக்கு எங்கே போவது என்று எங்கள் சூப்பர்வைசர் கேட்டது நியாயமான கேள்வி. ஷிப்ட் பொறுப்பாளரின் மேசையில் பூட்டிய பெட்டியும், எடுப்பவர் கையெழுத்திடும் பதிவேடும் வைத்துத் தீர்த்துக்கொண்டோம்.

சாவி எல்லாவற்றையும் காத்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். எங்கள் மெஷின்கள் பேசும் மாட்பஸ் மொழி 1979இல் உருவானது. வயரின் மறுமுனையில் இருப்பவர் நம்மவர்தான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட அதற்கு, கடவுச்சொல் என்ற சிந்தனையே கிடையாது. நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் பிஎல்சி தன் எண்களை வைத்திருக்கும் ஒரு ரெஜிஸ்டரில் எண்ணை எழுதி, வெப்பநிலையின் இலக்கை மாற்றிவிடலாம், சாவி 'ரன்' நிலையில் இருந்தாலும். இதை எனக்குப் புரியவைக்க, ஓடும் மெஷினைத் தொடாமல், ஸ்டோரில் கிடந்த உபரி பிஎல்சியை மேசையில் வைத்து, மடிக்கணினியிலிருந்து ஒரே ஒரு வரியை அனுப்பி அதன் விளக்கை எரியவைத்தார்கள். ஃபயர்வாலுக்கு ஏன் அவ்வளவு பணம் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த என் தம்பி அதன் பிறகு கேட்கவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் ஒரு கணினியும் எங்களிடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் மெஷினோடு வந்த மென்பொருள் வேறெதிலும் ஓடாது. மாற்றச் சொல்லி என்னைத் தொல்லை செய்யாமல், அதைத் தனி அறையில் வைத்ததுபோல் ஃபயர்வாலுக்குப் பின்னால் ஒதுக்கி, மெஷினோடு மட்டும் பேசவிட்டார்கள். பென் டிரைவ் துளைகளையும் அடைத்துவிட்டார்கள். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியபோது இங்கே ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையே பாதிப்புக்கு உள்ளானதைச் செய்தித்தாளில் படித்தவர்களுக்கு, இது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றாது.

புதிய ஸ்விட்சுகளையும் ஃபயர்வாலையும் மாட்டுவதற்கு, மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்டிருந்த ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது அவர்களுடைய யோசனை. உற்பத்தி எப்படியும் நிற்கும் நாள் என்பதால் எனக்கு இழப்பு இல்லை. பிற்பகல் மின்சாரம் வந்ததும் எல்லா மெஷின்களும் ஒழுங்காக ஓடின. நான்கு மணிக்குப் பொறியாளர்கள் புறப்பட்டுவிட்டார்கள். ஆறு மணிக்கு டிஸ்பாட்ச் பகுதியில் பார்கோடு ஸ்டிக்கர் அச்சிடும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. அலுவலக சர்வரிலிருந்து விவரம் எடுக்கும் கருவி அது. அதன் வழியை ஃபயர்வால் அடைத்துவிட்டது. அவர்கள் ஒட்டுக்கேட்டது இரண்டே நாள்கள், எங்கள் டிஸ்பாட்ச் வாரத்துக்கு ஒரு முறை. அந்த இரு நாள்களில் பிரிண்டர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஆகவே அப்படியொரு பேச்சு உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. லாரி மூன்று மணி நேரம் வாசலில் நின்றது. உதவி எண்ணில், திங்கள் முதல் வெள்ளி வரை அழைக்கவும் என்று பதிவுக் குரல்தான் பேசியது. கடைசியில் பொறியாளரின் சொந்த எண்ணுக்கு அழைத்து, அவர் வீட்டிலிருந்தபடி வழிசொல்லி, எங்கள் எலெக்ட்ரீஷியன் சரிசெய்தார். வேலை நடந்த அன்று இரவாவது ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதையும், கேட்கும் காலம் டிஸ்பாட்சும் மாதக் கடைசியும் அடங்கும்படி நீள வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதது என் தவறும்தான்.

பேக்கப் விஷயத்தில் முழு மதிப்பெண் கொடுப்பேன். எங்கள் பிஎல்சி நிரல்களின் நகல், வேலையை விட்டுப்போன ஒருவரின் பழைய மடிக்கணினியில் இருந்தது. ஆறையும் புதிதாக எடுத்து, இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றைப் பட்டறைக்கு வெளியே வைக்கச் சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை; உபரி பிஎல்சியில் ஒன்றை ஏற்றி, ஓடுகிறதா என்றும் பார்த்தார்கள். 40 நிமிடம் ஆயிற்று. பழைய நகல்களில் ஒன்று, இரண்டு திருத்தங்களுக்கு முந்தையது என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

அறிக்கை 68 பக்கம், முழுக்க ஆங்கிலம். மெஷின் முன்னால் நிற்பவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கம் கேட்டேன்; வந்த பக்கம் எந்திர மொழிபெயர்ப்பு என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. "502ஆம் துறைமுகத்தை உடனே மூடவும்" என்றிருந்தது. மாட்பஸ் பேச்சு நுழையும், 502 என்ற எண்ணுள்ள 'போர்ட்' என்னும் நெட்வொர்க் வாசல்தான் அங்கே துறைமுகம் ஆகியிருந்தது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி போக இன்னும் 499 துறைமுகங்கள் எங்கே இருக்கின்றன என்று எங்கள் ஆபரேட்டர்கள் ஒரு வாரம் கேட்டுச் சிரித்தார்கள். ஏணி வடிவப் படமாகப் பிஎல்சிக்கு எழுதும் லேடர் நிரல் (ladder program) 'ஏணி நிகழ்ச்சி' ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நானே எழுதி ஒட்டினேன். ஒன்றை மட்டும் அவர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள்: தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் உத்தரவின்படி, யார், எந்த விவரத்தோடு, எப்படி அனுப்புவது என்ற தாள் தயாராக இருந்தது.

மாதம் 4,500 ரூபாய்க்கு அவர்கள் விற்ற கண்காணிப்புச் சேவையை மூன்று மாதம் வைத்திருந்து நிறுத்திவிட்டேன். வாரத்துக்கு நாற்பது எச்சரிக்கைகள் என் கைபேசிக்கு வந்தன. பெரும்பாலானவை எங்கள் மெயின்டெனன்ஸ் மடிக்கணினியைப் பற்றியவை. இரவில் படித்துப் பிரித்தறிய ஆள் உள்ள ஆலைக்கு அது பயன்படலாம். முதலாளியே கணக்கும் பார்த்து டிஸ்பாட்சும் பார்க்கும் பட்டறைக்குப் பயன்படாது.

இருபது, முப்பது கருவிகள் உள்ள பட்டறைகளுக்கு, தணிக்கை, பிரிப்பு, பேக்கப் ஆகிய மூன்றுக்காக இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்கள் அரையாண்டு மறுபரிசோதனைக்கு அவர்களையே அழைத்திருக்கிறேன், இந்த முறை ஒரு முழு வாரம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாடிக்கையாளரின் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, 31 கருவிகளும் குறிக்கப்பட்ட வரைபடத்தை இணைத்து அனுப்பியாயிற்று.