என்.எஸ்.இ ரத்த டெஸ்ட் ரிவ்யூ: ஐசியூ வாசல்ல காசு கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

முதல்ல ரேட்டிங் சொல்லிடறேன். இதயம் நின்னு திரும்பினவங்களுக்கு மூளை எவ்ளோ அடி வாங்கியிருக்குன்னு பார்க்கற இந்த டெஸ்டுக்கு 5க்கு 4. அதுக்கு ரத்தம் எடுத்த விதம், அனுப்பின விதம், ரிசல்ட்டை எங்ககிட்ட சொன்ன விதம், இது மூணுக்கும் சேர்த்து 5க்கு 1, அந்த ஒண்ணும் ராத்திரி ட்யூட்டில இருந்த ஒரு நர்ஸ் அக்காவுக்காக. ஆஸ்பத்திரி பேரு, லேப் பேரு ரெண்டும் சொல்லப் போறதில்ல, நான் சொல்ற பிரச்சனை அந்த ஒரு இடத்துல மட்டும் இருக்கறது இல்ல. நானும் டிஎம்எல்டி (மெடிக்கல் லேப் டெக்னாலஜி டிப்ளமோ) முடிச்சு லேப்ல தான் வேலை பார்க்கறேன், வேற இடத்துல, அதனால தான் இதுல இவ்ளோ நோண்டினேன்.

பெரியப்பாவுக்கு கார்டியாக் அரெஸ்ட். ஹார்ட் அட்டாக்குன்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல, அட்டாக்னா ரத்தக்குழாய்ல அடைப்பு, அரெஸ்ட்னா இதயம் துடிக்கறதே நின்னு போறது, முதலாவது ரெண்டாவதுல கொண்டு போய் விடலாம், இவருக்கு அப்படித்தான் ஆச்சு. அண்ணன் நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுட்டான், 108 வந்து ஷாக் குடுத்து துடிப்பு திரும்புச்சு. ஆனா ஆளு கண்ணு முழிக்கல. உடம்பு எடைல 2 சதவீதம் தான் மூளை, ஆக்சிஜன்ல கிட்டத்தட்ட 20 சதவீதம் அது தான் எடுத்துக்குது, அதனால அஞ்சு பத்து நிமிஷம் ரத்தம் போகலைன்னாலே முதல்ல அடி வாங்கறது அது. சரி ஐசியூல வெண்டிலேட்டர் போட்டாச்சு, காய்ச்சல் ஏறாம பார்த்துக்கறாங்க, அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சாச்சு, இனிமே முழிப்பாரா மாட்டாரான்னு தான் எல்லார் கேள்வியும். அப்போ தான் இந்த டெஸ்ட் எழுதினாங்க.

என்.எஸ்.இன்னா நியூரான் ஸ்பெசிஃபிக் ஈனோலேஸ். நரம்பு செல்லுக்குள்ள இருக்கற ஒரு என்சைம். வீடு இடிஞ்சா செங்கல் தெருவுல வந்து கிடக்கற மாதிரி, செல் செத்தா இது ரத்தத்துல வந்துடும், எவ்ளோ செங்கல்னு எண்ணினா எவ்ளோ சேதம்னு ஒரு கணக்கு கிடைக்கும். நார்மல்னு லேப்ல போட்டிருக்கறது ஒரு மில்லிலிட்டருக்கு 16, 17 நானோகிராம் பக்கம். சில ரிப்போர்ட்ல மைக்ரோகிராம் பர் லிட்டர்னு இருக்கும், பயப்படாதீங்க, நம்பர் ஒண்ணு தான்.

காசு விஷயம், எங்களுக்கு ஒரு தடவைக்கு மூவாயிரத்துக்கு கொஞ்சம் கீழ, லேபுக்கு லேப் மாறும். ஐசியூ பில்லுல இதெல்லாம் ஒரு வரி. அங்கேயே பண்ண மாட்டாங்க, வெளிய பெரிய லேபுக்கு போகும்.

இன்னொண்ணு, ரிப்போர்ட் வரும்போது மேல ட்யூமர் மார்க்கர்னு தலைப்பு போட்டு வரும். அண்ணன் அதை மொபைல்ல தேடிப் பார்த்துட்டு பெரியப்பாவுக்கு லங் கேன்சரும் இருக்காம்னு காரிடார்ல உக்காந்து அழுதுட்டான். விஷயம் என்னன்னா இதே என்சைம் ஸ்மால் செல் லங் கேன்சர்லயும் குழந்தைங்களுக்கு வர்ற நியூரோபிளாஸ்டோமாலயும் ஏறும், லேபோட லிஸ்ட்ல இது ரொம்ப வருஷமா அந்த வரிசைல தான் இருக்கு, ஐசியூக்காக தனியா ஒரு ஃபார்மேட் போடறதுக்கு யாருக்கும் தோணல போல. ஒரு வரி எழுதி வெச்சா போதும், எத்தனை குடும்பத்துக்கு ஒரு ராத்திரி தூக்கம் மிச்சமாகும்.

இப்போ முக்கியமான சமாச்சாரம். முதல் ரிசல்ட் 74. காலைல ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் ஒரு ட்யூட்டி டாக்டர் வந்து, அறுபதுக்கு மேல போயிடுச்சு, மூளை போனதுன்னு தான் அர்த்தம், இழுத்துட்டு இருக்கறதுல பிரயோஜனம் இல்ல, வீட்டுக்கு கொண்டு போறதுன்னா சொல்லுங்க, ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்றோம்னு நின்னுக்கிட்டே சொல்லிட்டு போயிட்டாரு. பெரியம்மா அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாங்க, சொந்தக்காரங்க ஊருக்கு போன் போட ஆரம்பிச்சுட்டாங்க. நான் ரிப்போர்ட்டை வாங்கி கீழ கடைசில சின்ன எழுத்துல இருக்கறதைப் பார்த்தேன், ஹீமோலைஸ்ட் சாம்பிள் (ரெட் செல் உடைஞ்ச ரத்தம்), ரிசல்ட்டை கவனமா எடுத்துக்கவும்னு போட்டிருக்கு.

லேப்ல இருக்கறவங்களுக்கு இது தெரியும், இருந்தாலும் சொல்றேன். இந்த என்சைம் நரம்பு செல்லுல மட்டும் இல்ல, பேர்ல தான் நியூரான் ஸ்பெசிஃபிக், உண்மைல ரெட் செல்லுலயும் பிளேட்லெட்லயும் நிறைய இருக்கு. ரத்தம் எடுக்கும்போது சிரிஞ்சை வேகமா இழுத்தா, மெல்லிசான ஊசில எடுத்தா, ட்யூபுக்குள்ள அழுத்தி தள்ளினா, இல்ல நல்லா குலுக்கினா ரெட் செல் உடையும், சீரம், அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் பிரிஞ்சு நிக்கற நீர், ரோஸ் கலர்ல வரும், அந்த உடைஞ்ச செல்லுல இருந்து வந்த என்.எஸ்.இயும் சேர்ந்து நம்பர் ஏறிடும். அப்புறம் ரத்தத்தை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு சீரத்தை பிரிச்சு வெக்கணும். எங்க சாம்பிள் பிக்கப் பையன் வர்ற வரைக்கும் நர்ஸ் ஸ்டேஷன் டேபிள்லயே நின்னுட்டு இருந்துச்சு, நானே பார்த்தேன். பொட்டாசியத்துக்கு ஹீமோலைஸ் ஆனா எந்த லேபும் ரிஜெக்ட் பண்ணி மறுபடி எடுன்னு சொல்லும், இதுக்கு மட்டும் ஒரு குறிப்பு போட்டு நம்பரை அனுப்பிடறாங்க. எக்மோ, பலூன் பம்ப் மாதிரி இதயத்துக்கு உதவற மெஷின்ல இருக்கறவங்களுக்கு உடம்புக்குள்ளயே ரெட் செல் உடையும், அவங்க நம்பரை இன்னும் சந்தேகமா தான் பார்க்கணும்.

மறுபடி எடுக்கச் சொல்லி சண்டை போட்டு, அந்த நர்ஸ் அக்கா பொறுமையா புதுசா குத்தி எடுத்து, உடனே கீழ லேப்ல பிரிச்சு அனுப்பி வெச்சாங்க. வந்தது 38.

38ன்னா என்னங்க அர்த்தம்? நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல. இதுல ஒரு கதை இருக்கு. 2006ல அமெரிக்க நியூராலஜி அகாடமி ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, அரெஸ்ட் ஆகி ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள 33க்கு மேல இருந்தா தேறாதுன்னு. அதுக்கப்புறம் உடம்பை குளிர வெச்சு பார்க்கற ட்ரீட்மென்ட் பரவுச்சு, ஐசியூ கேர் மாறுச்சு, 33ஐ தாண்டினவங்கள்லயும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவங்க இருக்காங்கன்னு தெரிய ஆரம்பிச்சுச்சு. 2021ல ஐரோப்பிய ரிசசிடேஷன் கவுன்சிலும் இன்டென்சிவ் கேர் சொசைட்டியும் சேர்ந்து போட்ட வழிகாட்டுதல்ல 48 மணி நேரத்துலயோ 72 மணி நேரத்துலயோ 60க்கு மேலன்னு வெச்சாங்க. பதினஞ்சு வருஷத்துல கோடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நகர்ந்திருக்கு. பழைய கணக்குப்படி பார்த்தா பெரியப்பாவோட 38 ஆளை முடிச்சு வெச்சிருக்கும்.

அந்த 60 கூட தனியா நின்னு பேச முடியாது, அதைத்தான் அந்த டாக்டர் சொல்லவே இல்ல. 72 மணி நேரம் தாண்டியும் ஆளு கோமால இருக்கணும், மயக்க மருந்தோட வேலை முடிஞ்சிருக்கணும், அதுக்கப்புறம் ஒரு லிஸ்ட்ல குறைஞ்சது ரெண்டு மோசமா இருக்கணும்: கண்ணு பாப்பாவும் கார்னியாவும் ரெண்டு பக்கமும் ரியாக்ட் பண்ணாம இருக்கறது, கைல கரண்ட் குடுத்தா மூளைல சிக்னல் வருதான்னு பார்க்கற எஸ்எஸ்இபி டெஸ்ட், மூளையோட மின் அலையைப் பதியற இஇஜி, சிடி அல்லது எம்ஆர்ஐ, நிக்காம உடம்பு துடிச்சிட்டே இருக்கற மயோகுளோனஸ், அந்த வரிசைல என்.எஸ்.இயும் ஒண்ணு. அவ்ளோ தான். எங்க ஆளுக்கு கண்ணு பாப்பா ரியாக்ட் ஆயிட்டு தான் இருந்துச்சு, சிடில பெருசா ஒண்ணும் இல்ல, இஇஜி எடுக்கவே இல்ல, கிட்னி வேற அடி வாங்கி மிடாசோலம்ங்கற மயக்க மருந்து உடம்பை விட்டு போகாம கிடந்துச்சு. இத்தனையும் வெச்சுக்கிட்டு ஒரு உடைஞ்ச சாம்பிளோட நம்பரைக் காட்டி ஆம்புலன்ஸ் புக் பண்ணவான்னு கேக்கறது எனக்கு இப்பவும் ஆறல.

இந்த டெஸ்ட் சம்பந்தமான ஆராய்ச்சில எல்லாரும் சொல்ற ஆபத்தும் இது தான். நம்பரைப் பார்த்து வெண்டிலேட்டரை எடுத்துட்டா ஆளு போயிடுவாரு, அப்புறம் பாரு நம்பர் சரியா சொல்லுச்சுன்னு கணக்குல ஏறிடும். தானே பலிக்க வெச்ச ஜோசியம்.

அப்போ ஏன் நாலு ஸ்டார்னு கேப்பீங்க. ஐசியூல இருக்கற மத்த டெஸ்ட் சிலதை மயக்க மருந்து குழப்பிடும், ஆளைக் கிள்ளிப் பார்த்தா அசையலைன்னா அது மூளையா மருந்தான்னு தெரியாது, இஇஜியும் கொஞ்சம் அப்படித்தான். இந்த ரத்த டெஸ்டை மிடாசோலம் ஒண்ணும் பண்ணாது. படுக்கைய விட்டு நகர்த்தாம எடுக்கலாம், எஸ்எஸ்இபி மெஷின் இல்லாத ஊர்லயும் எடுக்கலாம். ஒரு தடவை எடுத்து விடாம 24, 48, 72னு வரிசையா எடுத்தா இன்னும் பேசும், ரத்தத்துல இது பாதியா குறையறதுக்கு ஒரு நாளோ அதுக்கு கொஞ்சம் மேலயோ ஆகும், அதனால சும்மா விட்டா இறங்கிட்டே வரணும், 24ல இருந்து 48, 72னு ஏறிக்கிட்டே போனா உள்ள இன்னும் செல் செத்துட்டு இருக்குன்னு அர்த்தம். வரிசையா எடுக்கறதுன்னா ஒரே லேப்ல குடுங்க, மெஷினுக்கு மெஷின் நம்பர் மாறும், ரெண்டு கம்பெனியோட டெஸ்ட் கிட்டை ஒப்பிட்டா தலைவலி தான். நார்மல் ரேஞ்சிலேயே நின்னா அது நல்ல பக்கம் சாயற ஒரு செய்தின்னும் இப்போ பார்க்கறாங்க, முன்னாடி எல்லாம் கெட்டதை மட்டும் தான் இதுல தேடினாங்க.

இதை விட நல்ல சரக்கு ஒண்ணு இருக்கு, நியூரோஃபிலமென்ட் லைட், சுருக்கமா என்.எஃப்.எல். நரம்போட நீள வாலுக்குள்ள இருக்கற புரோட்டீன், ரெட் செல்லுல இல்ல, அதனால ஹீமோலைஸ் தொல்லை இதுக்கு இல்ல. அரெஸ்டுக்கு அப்புறம் உடம்பு சூட்டை வெக்கறது 33 டிகிரியா 36 டிகிரியான்னு 939 பேரை வெச்சு பார்த்த டிடிஎம் ட்ரையல் 2013ல வந்துச்சு, அதுல சேமிச்சு ஃப்ரீஸ் பண்ணி வெச்சிருந்த ரத்தத்துல 717 பேரோடதை அப்புறமா அளந்து 2019ல ஜாமா நியூராலஜில போட்டாங்க, ஆறு மாசம் கழிச்சு யாரு எப்படி இருக்காங்கன்னு சொல்றதுல என்.எஸ்.இ, அதே மாதிரி மத்த ரத்த டெஸ்டான டாவ், எஸ்100 எல்லாத்தையும் இது முந்திடுச்சு. ஆனா இதுவும் வயசானா ஏறும், வேற நரம்பு வியாதி இருந்தாலும் ஏறும். நான் பார்க்கற லேப் ரேட் லிஸ்ட்ல ஐசியூக்குன்னு இன்னும் வரல, வந்தா முதல் ஆளா ரிவ்யூ போடறேன்.

வாங்கறவங்களுக்கு: எடுத்த நேரம் அரெஸ்ட் ஆகி எத்தனை மணி நேரம்னு ட்யூப்ல எழுதச் சொல்லுங்க. ரிப்போர்ட்ல நம்பரைப் பார்க்கறதுக்கு முன்னாடி அடிக்குறிப்பைப் பாருங்க, ஹீமோலைஸ்னு இருந்தா காசு குடுக்காம மறுபடி எடுக்கச் சொல்லுங்க, சண்டை போட்டாலும் பரவால்ல. கூட வேற என்ன டெஸ்ட் மோசமா இருக்குன்னு கேளுங்க, பதில் வரலைன்னா கன்சல்டன்ட் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

பெரியப்பா முழிச்சுட்டாரு, மெதுவா, மருந்து இறங்க இறங்க. நடக்கறாரு, சாப்பிடறாரு, ஆனா கடைக் கணக்கு பார்க்க முடியல, காலைல வந்துட்டுப் போன ஆளு யாருன்னு சாயங்காலம் கேக்கறாரு. இதை எந்த ரத்த டெஸ்டும் எங்களுக்கு சொல்லல, சொல்லவும் முடியாது. அதே 2021 வழிகாட்டுதல்ல டிஸ்சார்ஜ் ஆகி மூணு மாசத்துக்குள்ள ஞாபகசக்தி, மனசு, அசதி எல்லாம் செக் பண்ணணும்னு இருக்கு, எங்க டிஸ்சார்ஜ் சம்மரில கார்டியாலஜி ரிவ்யூ தேதி மட்டும் தான் இருந்துச்சு. நாங்களா நியூரோ ஓபிக்கு கூட்டிட்டுப் போனோம், கடிகாரம் வரையச் சொன்னாங்க, அஞ்சு வார்த்தை சொல்லி கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டாங்க, எங்க சிக்கல்னு அப்போ தான் தெளிவா தெரிஞ்சுச்சு, ஃபீஸ் என்.எஸ்.இல கால்வாசி கூட இல்ல.