தோட்டாக் கூட்டை இளக்க: தீயா, மின்தூண்டலா?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பலர், சுட்ட பித்தளைக் கூட்டையே மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். திரும்பத் திரும்பச் சுட, பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில் திணிக்கத் திணிக்க, கூட்டின் கழுத்து விறைத்து ஒருநாள் விரிசல் விடும். அதைத் தள்ளிப்போடத்தான் அனீலிங், அதாவது சூடாக்கி இளக்குவது. கழுத்தையும் அதன் கீழே சரியும் தோளையும் மட்டும் சில நொடிகள் சூடாக்க வேண்டும். அடிப்பாகம் இளகினால் ஆபத்து; அழுத்தத்தைத் தாங்குவது அதன் கடினம்தான்.

புரோப்பேன் டார்ச்சில் செலவு குறைவு. கூட்டைச் சுழற்றித் தீயில் காட்டும் அனீலீஸ் போன்ற இயந்திரமே சில நூறு டாலர்தான். சிக்கல் சுடரில் இருக்கிறது. சிலிண்டர் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், சூடும் மாறும். அதனால் 750 பாரன்ஹீட்டில் உருகும் வெப்பக்காட்டிப் பூச்சைக் கழுத்தின் உட்புறம் தடவி நேரத்தைச் சரிபார்க்க வேண்டும், அதுவும் அடிக்கடி. பித்தளை பளீரெனச் செந்தணலாய் ஒளிர்ந்தால் எல்லை தாண்டிவிட்டது. அந்தக் கூட்டைத் தூக்கி எறிவதே நல்லது.

மின்தூண்டலில் தீ கிடையாது; கம்பிச்சுருளின் காந்தப்புலமே பித்தளையைச் சூடாக்கும். நியூசிலாந்தின் ஏஎம்பி இயந்திரம் மாதிரிக் கூடு ஒன்றைப் பலிகொடுத்து ஆராய்ந்து, அந்த ரகத்துக்கான அளவைத் தானே கண்டுபிடிக்கும். பிறகு ஒவ்வொரு கூட்டுக்கும் அதே சூடு. விலைதான் ஆயிரம் டாலருக்கு மேல்!

வேட்டைக்கு ஆண்டுக்கு ஒரு பெட்டி நிரப்புபவருக்கு டார்ச்சே தாராளம். தொலைதூரப் போட்டிக்காரர் ஏஎம்பிக்குக் காசு சேர்க்கலாம். எதுவானாலும் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் வேறு அறையில் இருக்கட்டும்.